மேஷத்துக்குப் பரிசு

நான் கோணமடைக்காரன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை முடிந்த பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கக் கூடாது பாருங்கள். என் தங்கையைக் கோணமடையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான் உறவு. பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் போவேன், வயிறாரச் சாப்பிடுவேன், என் புத்தி என்னிடம் இருக்கும்போதே அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவேன்.

கோணமடைக்காரர்கள் நல்லவர்கள். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சொன்ன சொல்லை அப்படியே கேட்பார்கள், அதுதான் சங்கடம். "இங்கனயே இருங்க, இந்தா வந்துருதேன்" என்று ஒருத்தர் சொல்லிவிட்டு, ஞாபகமில்லாமல் வெளியூர் போய்விட்டார் என்று வையுங்கள். கேட்டவர் அங்கேயே இருப்பார். அவருக்குச் சாப்பாடு அங்கேயே போகும். முடிவெட்டுகிறவரும் அங்கேயே போவார்.

அந்த ஊரில் இளைஞர் கிரிக்கெட் மன்றம் என்று ஒன்று இருக்கிறது. ஆரம்பித்தபோது எல்லாரும் இளைஞர்கள்தான். அதற்குப் பிறகு புது ஆளும் சேர்க்கவில்லை, பெயரையும் மாற்றவில்லை. இப்போது மீசை நரைக்காத உறுப்பினர் என்றால் மீசையே இல்லாத தலைவர் வீரபாகு ஒருவர்தான். அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் ஞாயிற்றுக்கிழமைதோறும் மேலத்தெருவும் கீழத்தெருவும் ஆடும். மறுபடி உழவு மாடு வயலில் இறங்கும் நாள்வரை ஆட்டம் நடக்கும். அதுதான் அவர்களுக்கு சீசன். கடைசியில் சீசன் நாயகன் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்து, மாலை போட்டு, பரிசு கொடுத்து, மேளத்தோடு அவர் வீடுவரை கொண்டுபோய் விடுவார்கள்.

பரிசு விஷயத்தில் மன்றத்துக்கு இரண்டு விதிகள் உண்டு. போன சீசனில் பரிசு வாங்கியவர்தான் இந்த சீசனுக்குப் பரிசு தரவேண்டும். இது ஒன்று. பரிசு எதுவானாலும் மன்றத்து வேப்பமரத்தடியில் ஊர் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கவேண்டும், ஜெயித்தவரிடம் சேரும்வரை வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. இது இன்னொன்று. ஒரு வருஷம் பலாப்பழத்தைப் பரிசாக வைத்தார்கள். பழுத்துவிட்டதா என்று ஆளாளுக்கு அமுக்கிப் பார்த்து, பிய்த்துப் பார்த்து, கடைசியில் ஜெயித்தவர் வெறும் சக்கையை மாலையும் கழுத்துமாக வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அதிலிருந்துதான் அந்த இரண்டாவது விதி வந்தது.

போன சீசன் நாயகன் மயில்வாகனம். மேலத்தெரு. பேட்டைப் பிடித்தான் என்றால் பந்து கிணற்றில்தான் போய் விழும். போன வருஷம் ஒரு பித்தளை அண்டா வாங்கினான். இந்த வருஷம் அவன்தான் பரிசு தரவேண்டும். வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு சேவலைத் தருவதாகத்தான் முடிவு. ஆனால் கூட்டத்தில் கீழத்தெருக்காரன் ஒருத்தன், "அண்டா வாங்கிட்டுச் சேவலா குடுக்கான்?" என்று பக்கத்து ஆளிடம் சொன்னது இவன் காதில் விழுந்துவிட்டது. உடனே எழுந்து நின்றான்.

"எங்க வீட்டுத் துரையைத் தாரேன்" என்றான்.

துரை என்பது செம்மறிக் கிடா. நெற்றிக்கு இரண்டு பக்கமும் முறுக்குப் பிழிந்த மாதிரி கொம்பு. தாய் செத்துப்போன குட்டியை மயில்வாகனத்தின் மனைவி கனகவல்லி பால்புட்டி வைத்து வளர்த்தாள். கீழே விழுந்த தழையை வாயால் தொடமாட்டான், கையில் எடுத்து நீட்டவேண்டும். அதனால்தான் துரை என்று பெயர். கனகவல்லிக்கு அவன் என்றால் உயிர்.

வீட்டுக்கு வந்து மயில்வாகனம் விஷயத்தை நிதானமாக விளக்கினான். "எப்படியும் நான்தான ஜெயிக்கப் போறேன்? சேவலைக் குடுத்தா சேவல்தான் திரும்பி வரும். துரையைக் குடுத்தா துரையே வருவான். எது லாபம், நீயே சொல்லு."

கனகவல்லி சொன்னது வேறு. "துரை இந்த வாசப்படி ஏறாம நீங்களும் ஏறக்கூடாது. அவன் முன்னால வரணும், நீங்க பின்னால வரணும்."

கோபத்தில் சொன்னது. சாயங்காலத்துக்குள் ஆறிவிட்டது. "சரி, உள்ள வந்து சாப்பிடுங்க" என்று அவளே கூப்பிட்டாள். ஆனால் மயில்வாகனம் கோணமடைக்காரன் அல்லவா? சொன்னது சொன்னதுதான் என்று வாசலில் நின்ற மாட்டு வண்டியிலேயே படுத்துவிட்டான். அன்றிலிருந்து சோறு சன்னல் வழியாக வந்தது. மழை வந்தால் வண்டிக்கு அடியில். சொந்த வீட்டைச் சன்னல் வழியாகப் பார்த்து, "சுவத்துல வெள்ளை அடிக்கணும் போலருக்கே" என்பான். பாவமாகத்தான் இருக்கும்.

துரை வேப்பமரத்தில் கட்டப்பட்டான். விதிப்படி அவனைத் தொடக்கூடாது என்பதால் மயில்வாகனம் சற்றுத் தள்ளிக் குந்தி, ஒரு நீளக் கம்பின் நுனியில் அகத்திக்கீரையைக் கட்டி நீட்டுவான். துரை சாப்பிடுவான். இவன் அழுவான். எப்படியாவது இந்த சீசனை ஜெயித்து, துரையை முன்னால் விட்டு, பின்னாலேயே வீட்டுக்குள் நுழைந்துவிடவேண்டும். அவனுக்கு வேறு நினைப்பே கிடையாது.

ஜெயித்தும் இருப்பான். அந்த நேரம் பார்த்து மன்றத்துச் செயலாளர் நம்பிராசன் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னைக்குப் போய்வந்தார்.

"அங்க ஒவ்வொருத்தனும் செல்போன்ல ஒரு அணி வச்சிருக்கான் அண்ணாச்சி" என்றார் தலைவரிடம்.

"செல்போன்ல எப்படிவே ஆள் நிக்கும்?" என்றார் வீரபாகு.

"நிக்காது. அது கற்பனை அணி. மைதானத்துல நெசமா ஒருத்தன் அடிப்பான். அவனைத் தன் அணியில எழுதி வச்சவனுக்கு வீட்டுல இருந்தபடியே புள்ளி ஏறும்."

"மழை வந்தா?"

"கற்பனை அணி நனையாது அண்ணாச்சி."

"கால்ல முள்ளு குத்தினா?"

"கற்பனை அணிக்குக் காலே கிடையாது."

வீரபாகு கொஞ்ச நேரம் வேப்பமரத்தைப் பார்த்தார். "அப்ப நெச அணியைவிட இதுதான் ஒசத்தி. நாமளும் வைப்போம்" என்றார்.

கோணமடையில் செல்போன் எடுக்கவேண்டுமானால் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறவேண்டும். ஆகவே மன்றத்துக்கு எதிரே இருந்த நெல் சேர்த்துவைக்கிற கிட்டங்கியின் சுவரில் அடுப்புக்கரியால் அணி எழுதுவது என்று முடிவானது. யார் யாரை எடுப்பது என்பதில் சண்டை வந்தது. எல்லாருக்கும் மயில்வாகனம்தான் வேண்டும். மயில்வாகனத்துக்கும் மயில்வாகனம்தான் வேண்டும்.

அம்பயர் குற்றாலிங்கம்தான் வழி சொன்னார். அவர் வீட்டில் தினசரி காலண்டர் உண்டு. காலையில் தாளைக் கிழித்து, தன் ராசிக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்க்காமல் பல் விளக்கமாட்டார். "ராசிப்படி பிரிச்சிருவோம். ராசிக்கு மேலத்தெரு கீழத்தெரு தெரியாது" என்றார்.

மைதானத்தில் ஒவ்வொருவரையும் நிறுத்தி, "உன் ராசி என்ன?" என்று கேட்டு எழுதினார்கள். கேட்டதற்கு மட்டும் எல்லாரும் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள். மயில்வாகனம் ரிஷபம். வீரபாகு சிம்மம். நம்பிராசன் கன்னி. இப்படிச் சுவர் முழுக்கப் பன்னிரண்டு கட்டம் போட்டாயிற்று. மேஷத்தில் மட்டும் ஆளே இல்லை.

"ஆள் இல்லாத கட்டத்தை அழிச்சிருவமா?" என்றார் நம்பிராசன்.

"வானத்துல இருக்கதை அழிக்க நாம யாருவே?" என்றார் வீரபாகு. "அது பாட்டுக்கு இருக்கட்டும். நமக்கு என்ன தீனியா கேக்குது?"

மேஷத்தின் கட்டத்தில் ஒரு பெரிய பூஜ்யத்தைப் போட்டு விட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குற்றாலிங்கம் காலண்டரை அட்டையோடு தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். ராசி அணி என்றால் ராசிபலன்தானே சட்டம்? தினசரி காலண்டரில் உங்களுக்குத் தெரியும், ஒரு ராசிக்கு ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கும். லாபம், செலவு, சுகம், பகை என்று. ஆட்டத்துக்கு முன்னால் அவர் அதை உரக்கப் படித்தார். எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள்.

அன்றைக்குச் சிம்மத்துக்குப் பொறுமை. வீரபாகு பந்து போட ஓடிவருகிற இடத்தில் போய் நின்றார். நின்றார். வெயில் ஏறியது. பேட் பிடித்திருந்தவன் முதலில் குனிந்து நின்றான், பிறகு நிமிர்ந்து நின்றான், பிறகு உட்கார்ந்துவிட்டான். "அண்ணாச்சி, போடுங்க" என்றார்கள். "பொறுமைன்னு போட்டிருக்கு. அவசரப்படுத்தாதிய" என்றார். சாப்பாட்டுக்குக் கலையும்வரை முதல் பந்து விழவில்லை. பேட் பிடித்தவன் அவுட் ஆகாமல் கடைசிவரை நின்றதற்காக எல்லாரும் கை தட்டினார்கள்.

இன்னொரு வாரம் கன்னிக்கு மறதி. நம்பிராசன் காலையிலிருந்தே எதை மறப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். பேட்டை மறக்கலாம் என்றால் அது கையிலேயே இருந்தது. கடைசியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவர் பாதி வழியில் நின்று, "ஆங், மறந்துட்டேன்" என்று அம்பயரிடம் அறிவித்தார். "எதை?" என்றார் குற்றாலிங்கம். "எந்தப் பக்கம் ஓடணும்கிறதை" என்று சொல்லிவிட்டு மூன்றாவது பக்கமாக வீட்டுக்குப் போய்விட்டார்.

விருச்சிகத்துக்கு அலைச்சல் போட்ட அன்று அந்த ராசிக்காரர்கள் பந்து எந்தப் பக்கம் போனாலும் ஊரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். கடகத்துக்கு உதவி என்று வந்த நாளில் விக்கெட் கீப்பர் கடகம். ரன் ஓடிவந்த எதிர் அணிக்காரன் மூச்சு வாங்குவதைப் பார்த்துப் பொறுக்காமல், பந்தைக் கீழே போட்டுவிட்டு, அவனை இடுப்பில் தூக்கிக் கோட்டைத் தாண்டி இறக்கிவிட்டார். "நன்றி அண்ணே" என்றான் அவன். "இன்னைக்கு மட்டுந்தான் தம்பி. அடுத்த வாரம் என்ன போடுதானோ" என்றார் கீப்பர்.

அம்பயருக்கே ஒருநாள் விவாதம் வந்தது. குற்றாலிங்கம் துலாம். ஒரு விரலைத் தூக்கி அவுட் என்றார், இறக்கிக்கொண்டு எதற்கு அவுட் என்றார், பந்து காலில் பட்டது என்றார், பட்டால் என்ன, அவன் காலில்தானே பட்டது, உனக்கா வலித்தது என்றார். மைதானம் காலியான பிறகும் கிட்டங்கி நிழலில் தன்னோடு தானே பேசிக்கொண்டிருந்தார். அவர் வீட்டம்மா வந்து, இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டாள்.

இத்தனைக்கும் நடுவில் மயில்வாகனம் மட்டும் ஆடினான். காலண்டர் என்ன சொன்னாலும் துரை ஒரு பார்வை பார்ப்பான், இவன் பேட்டைச் சுழற்றுவான். ரிஷபத்துக்குச் சோர்வு போட்ட நாளில்கூட இரண்டு பந்துக்கு நடுவில் படுத்து எழுந்து, படுத்து எழுந்து அடித்தான். பந்துகளை எடுக்க ஒரு ஆளைக் கிணற்றிலேயே இறக்கி வைத்திருந்தார்கள்.

ஆனால் சுவரில் கணக்கு வேறு மாதிரி ஏறியது. பலன் நஷ்டம், செலவு, சோர்வு, பகை என்று கெட்டதாக இருந்தால் அன்று அடித்த ரன்னை எல்லாம் கழித்துவிடுவார்கள். அது நியாயம்தான், காலண்டரே சொல்கிறதே. நல்ல பலன் வந்தால்?

"இன்னைக்கு எனக்கு லாபம்" என்றான் மயில்வாகனம். "அடிச்சதைக் கூட்டி எழுதுங்க."

"அது எப்படிவே?" என்றார் குற்றாலிங்கம். "லாபம்னு காலண்டர்ல காலையிலேயே போட்டாச்சு. அது தானா வந்த லாபம். நீ அடிச்சு வந்ததுன்னு நான் எப்படி எழுத?"

அது சரிதான் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். ஆகவே கெட்ட நாளில் கழித்தார்கள், நல்ல நாளில் எழுதவே இல்லை. வாரம் போகப்போக எல்லா ராசியும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. அதிகமாக அடித்தவன் ராசி அதிகமாக இறங்கியது. ரிஷபத்தின் கணக்கு சுவரில் இடம் போதாமல் தரைக்கு வந்து, அங்கிருந்து கால்வாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

மயில்வாகனத்துக்குப் பயம் வந்துவிட்டது. "என்னை மேஷத்துக்கு மாத்திருங்க. அது காலியாத்தான கெடக்கு?" என்று தலைவர் காலில் விழாத குறையாகக் கேட்டான்.

"வார்டு மாத்தலாம், ரேஷன் கடை மாத்தலாம். ராசி மாத்தணும்னா நீ திரும்பப் பொறக்கணும்" என்றார் வீரபாகு. "உங்க அம்மை சம்மதிப்பாளா?"

மயில்வாகனம் போய்க் கேட்டான். அம்மை விளக்குமாற்றை எடுத்தாள். சம்மதமில்லை என்று வந்து சொன்னான்.

அன்று சன்னல் வழியாகச் சோறு கொடுத்தபோது கனகவல்லி, "போதுமுங்க, உள்ள வந்துருங்க. துரை வராட்டாலும் நீங்க வாங்க. வீடு வெறிச்சுன்னு கெடக்கு" என்றாள். இவனுக்குக் கண் கலங்கியது. "சொன்ன சொல் என்னாவுறது?" என்று தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

சீசன் முடிந்து பரிசு கொடுக்கிற நாளில் நானும் அங்கே இருந்தேன். கொடைக்குப் போனவன், பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டேன். ஊர் ஆண்கள் அத்தனை பேரும் மைதானத்தில். பெண்கள் எல்லாம் கோயிலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். மேளக்காரர்கள் தயார். வேப்பமரத்தடியில் துரை, தொடாமல் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, கம்பு நுனியால் பொட்டு வைத்து. பக்கத்தில், தொட்டுவிடாத தூரத்தில், மயில்வாகனம். அவனும் குளித்துப் பொட்டு வைத்திருந்தான்.

நம்பிராசன் எழுந்தார். "நெச ஆட்டத்துல அதிக ரன் மயில்வாகனம். அதிக தூரம் அடிச்சதும் மயில்வாகனம். அதிகப் பந்தைத் தொலைச்சதும் மயில்வாகனம்தான்."

மயில்வாகனம் துரையின் கயிற்றைப் பார்த்தான்.

"இப்ப ராசி அணிக் கணக்கை ஒப்பிட்டுப் பாப்போம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பினார். "கடைசி இடம் ரிஷபம். மத்த எல்லா ராசியும் பூஜ்யத்துக்குக் கீழ. பூஜ்யத்துலேயே கௌரவமா நிக்கிற ஒரே அணி மேஷம். அதுதான் முதலிடம்."

கூட்டம் சுவரைப் பார்த்தது. அந்தப் பெரிய பூஜ்யம், பாவம், சீசன் முழுக்க ஒரு தப்பும் செய்யாமல் அப்படியே இருந்தது.

"நெசம் ஒண்ணு சொல்லுது, கற்பனை ஒண்ணு சொல்லுது. எதை அண்ணாச்சி நம்ப?" என்று கேட்டார் கீப்பர்.

வீரபாகு தொண்டையைச் செருமினார். "நெச ஆட்டம் நடந்து முடிஞ்சிபோச்சு. இப்ப அதை யாராவது காட்ட முடியுமா? முடியாது. கற்பனை ஆட்டம் இந்தா சுவத்துல இருக்கு. தொட்டுப் பாக்கலாம்."

ஆளாளுக்குப் போய்த் தொட்டுப் பார்த்தார்கள். கையில் கரி ஒட்டியது. இதற்குமேல் அத்தாட்சி வேண்டாம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

"எதுக்கும் காலண்டரை ஒரு தடவை பாத்துருவோம்" என்றார் குற்றாலிங்கம். அட்டையைத் தூக்கிப் பிடித்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். "மேஷம், பரிசு" என்று படித்தார்.

எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது, பொய் சொல்லக்கூடாது.

"மேஷத்துல யாருய்யா இருக்கிய?" என்று வீரபாகு கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். யாரும் இல்லை. மைதானத்தில் நின்ற ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டார்கள். என்னையும் கேட்டார்கள். நான் கும்பம். மேளக்காரர்களையும் கேட்டார்கள். மயில்வாகனம் மறுபடியும் ரிஷபம் என்று மெல்லச் சொன்னான்.

அந்த நேரத்தில் துரை ஒரு குரல் கொடுத்தான். பசித்திருக்கும்.

குற்றாலிங்கம் திரும்பி அவனைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த காலண்டர் அட்டையைப் பார்த்தார். அதன் மேல்பக்கத்தில் பன்னிரண்டு ராசிக்கும் படம் போட்டிருக்கும். அட்டையைக் கொண்டுபோய்த் துரையின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். அதே முகம். அதே சுருண்ட கொம்பு. கொஞ்சம் அலட்சியமான பார்வைகூட அதேதான்.

"இவன் போட்டோ இதுல எப்படி வந்துது?" என்றார் நம்பிராசன்.

"இவன் அவன்னு பேசாதவே" என்றார் வீரபாகு. "சீசன் முழுக்க ஒரு ஆட்டம் விடாம மைதானத்துல நின்னது யாரு? அவருதான். ஒரு தடவையாவது அவுட் ஆனாரா? ஆகல. அம்பயர்கிட்ட சண்டை போட்டாரா? போடல. நாமதான் இத்தனை நாளும் கவனிக்கல."

சீசன் நாயகனாகத் துரை அறிவிக்கப்பட்டார். மாலை போட்டார்கள். அதைப் பாதி சாப்பிட்டார். பரிசை வழங்கவேண்டும். பரிசு துரைதான். வீரபாகு கயிற்றை மரத்திலிருந்து அவிழ்த்து, துரையின் வாயிலேயே கொடுத்தார். துரை அதைக் கவ்விக்கொண்டார். எல்லாரும் கை தட்டினோம். தனக்குத் தானே கிடைத்தும் கொஞ்சமும் கர்வம் இல்லை என்று கீப்பர் என் காதில் சொன்னார்.

மயில்வாகனம் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஜெயித்தவர் துரை, பரிசும் துரை, தனக்கு ஒன்றுமில்லை என்பதுவரை அவனுக்குப் புரிந்தது. பிறகு மேளம் கிளம்பியது. நாயகனை அவர் வீடுவரை கொண்டுபோய் விடவேண்டும் அல்லவா? துரைக்கு வீடு எது? கயிற்றை வாயில் வைத்துக்கொண்டு அவர் நேராக மேலத்தெருப் பக்கம் நடந்தார். அது மயில்வாகனத்தின் வீட்டுக்குப் போகிற வழி.

அப்போதுதான் இவனுக்கு உறைத்தது. துள்ளி எழுந்தான். துரை முன்னால், தான் பின்னால். கனகவல்லி சொன்னது அட்சரம் பிசகாமல் நடக்கப்போகிறது. தெருவெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தான். அந்த ஊரில் எல்லாருக்கும் நான் மச்சான்தான்; வழியில் என் கையைப் பிடித்து, "மச்சான், இன்னைக்கு உள்ள படுக்கப் போறேன்" என்றான்.

கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்த கனகவல்லி மேளச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடிவந்தாள். துரையைப் பார்த்ததும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துரை படியேறி உள்ளே போனார். பின்னால் மயில்வாகனம் வலது காலைத் தூக்கிப் படியில் வைக்கப்போனான்.

"கொஞ்சம் நில்லு" என்றார் வீரபாகு. "அடுத்த சீசனுக்குப் பரிசு இவருதான தரணும்? அதைக் கேட்டுட்டுப் போயிருவோம்."

மயில்வாகனம் காலை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"அவருகிட்ட குடுக்க என்ன இருக்கு அண்ணாச்சி? ஒரு கயிறுதான்" என்றார் நம்பிராசன்.

"நாம யாரு தீர்மானிக்க? அவரையே கேளுங்க."

குற்றாலிங்கம் படியில் ஏறி, கைகூப்பி, "அடுத்த சீசனுக்கு என்ன தாறதா உத்தேசம்?" என்று கேட்டார். துரை உள்ளேயிருந்து திரும்பி வந்தார். நிலைப்படியில் நின்று எல்லாரையும் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து, ஒற்றைக் காலில் நின்ற மயில்வாகனத்தின் வயிற்றில் ஒரு முட்டு. அவன் உருண்டுபோய்த் தலைவர் காலடியில் விழுந்தான்.



"தந்துட்டாரு" என்றார் வீரபாகு. "தன்கிட்ட இருக்கதுலேயே பெரிசைத் தந்துட்டாரு."

கனகவல்லி, "அய்யோ, அவரு என் வீட்டுக்காரரு" என்றாள்.

"தெரியும்மா. துரையும் உன் கிடாதான். அப்ப குடுத்தது இவரு, இப்ப குடுக்கது அவரு. மன்றம் யாரையும் வற்புறுத்தல" என்றார் வீரபாகு. குற்றாலிங்கம் காலண்டரைப் பார்த்தார். ரிஷபத்துக்கு இடமாற்றம் என்று போட்டிருந்தது.

மயில்வாகனம் இப்போது வேப்பமரத்தடியில் இருக்கிறான். இடுப்பில் கயிறு. அவனே அவிழ்த்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "பரிசை யாரும் தொடக்கூடாதுன்னு விதி இருக்கு மச்சான். நானே தொட்டாலும் தொட்டதுதான" என்றான். கொசு கடித்தால்கூட அடிக்கமாட்டான். கொசு தொடலாமா என்று ஒரு கூட்டம் போட்டு, கொசு மன்ற உறுப்பினர் இல்லை, விதி அதற்குப் பொருந்தாது என்று தீர்மானித்திருக்கிறார்கள். கனகவல்லி சற்றுத் தள்ளி உட்கார்ந்து, ஒரு நீளக் கம்பின் நுனியில் இட்லியைக் கட்டி நீட்டுகிறாள். பக்கத்தில் துரை.

நான் ஊருக்குக் கிளம்புகிற அன்று அவள் மன்றத்துக்கு வந்தாள். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"அடுத்த சீசன்ல நானும் ஆடுதேன். பேரை எழுதுங்க. எங்க வீட்டுக்காரரை நானே ஜெயிச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

பெண்கள் ஆடலாமா என்று யோசித்தார்கள். இளைஞர் மன்றம் என்றுதான் பெயர் இருக்கிறது, ஆண்கள் மன்றம் என்று இல்லையே என்றார் நம்பிராசன். நாமும்தான் இளைஞர்கள் இல்லை என்றார் கீப்பர். சரி என்று கரியை எடுத்தார்கள்.

"உன் ராசி என்னம்மா?" என்றார் குற்றாலிங்கம்.

"மேஷம்."

நம்பிராசன் கையிலிருந்து கரி விழுந்தது. அப்படியானால் பரிசு யாருக்குச் சேர்ந்திருக்கவேண்டும், யார் யாரை வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கவேண்டும் என்று எல்லாருக்கும் மெல்ல மெல்ல விளங்கியது.

"முந்தியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் வீரபாகு.

"எங்கிட்ட யாரு கேட்டா?" என்றாள் கனகவல்லி.

வேப்பமரத்தடியிலிருந்து மயில்வாகனம், "அவ மேஷம்னு எனக்கு அப்பவே தெரியுமே" என்றான். "என் ராசியை மட்டுந்தான கேட்டிய? ரெண்டு தடவையும் சரியாத்தான் சொன்னேன்."

கனகவல்லி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவிழ்த்து விடாமலே இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பாள் என்று நினைக்கிறேன். பிறகு பெருமூச்சு விட்டு, "ஆனது ஆச்சு. இப்ப மேஷத்துல என் பேரை எழுதுங்க" என்றாள்.

வீரபாகு சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "எழுதலாம்மா. ஆனா மேஷ அணிக்கு ஏற்கெனவே ஒரு தலைவரு இருக்காரு. அவரைக் கேக்காம நாங்களா ஆள் சேத்தா மரியாதையா இருக்காது."

எல்லாரும் துரையைப் பார்த்தார்கள். கனகவல்லியும் பார்த்தாள். துரை மேலே பார்த்தபடி அசைபோட்டுக்கொண்டிருந்தார். தூரத்தில் பஸ் வருகிற சத்தம் கேட்டது, நான் ஓடிப்போய் ஏறிவிட்டேன்.

போன வாரம் தங்கை தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி எனக்குப் போன் செய்தாள். துரை இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாராம்.